எட்டு கிலோ அதிகம்

ராணுவ மருத்துவர் தன் முதல் பணியிடத்துக்கு வந்து பதினான்கு மாதம் கழித்துத்தான் அவளுடைய தூக்கம் லாரியில் வந்து சேர்ந்தது. அதுவும் முழுதாக வரவில்லை.

தவறு கிளம்பிய நாளன்றே நடந்துவிட்டது. பயிற்சி முடிந்து ஆணை கைக்கு வந்ததும், புதிதாகச் சேரும் மருத்துவர்களுக்குக் கொடுக்கும் இடமாற்றப் படியை நம்பி, சாமான் கட்ட ஆள் வரச் சொல்லியிருந்தாள். பத்து நாளாகச் சரியாகத் தூங்காதவள். அவர்கள் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்த மத்தியானத்தில், கட்டிலில் சும்மா சாய்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். மூன்று மணிக்கு ஒருவன் வந்து, "எந்திரிங்க டாக்டரம்மா, இந்த மெத்தைதான் பாக்கி. லாரிக்காரன் கத்துறான்" என்றான். அரைத்தூக்கத்தில் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூக்கம் மெத்தையிலேயே கிடந்தது. அவன் அதைக் கவனிக்காமல் மெத்தையைச் சுருட்டி, முழங்காலால் அழுத்தி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினான். வேலையில் சுத்தமானவன். ஒரு முடிச்சு போதும் என்ற இடத்தில் மூன்று போட்டான்.

பாதி வழியிலிருந்த ராணுவக் கிடங்குக்கு ஒரே நாளில் போய்ச் சேர வேண்டிய லாரி நான்கு நாள் கழித்துப் போனது. லாரிக்காரர்கள் அப்படித்தான் என்று யாரும் காரணம் கேட்கவில்லை. கிடங்கில் எல்லாச் சாமானையும் எடை போடுவது வழக்கம். மணமாகாத புது மருத்துவருக்கு அரசு செலவில் தொள்ளாயிரம் கிலோ. அவளுடையது தொள்ளாயிரத்து எட்டு. பதினோரு கிலோ இருக்க வேண்டிய மெத்தை பத்தொன்பது காட்டியது. இடமாற்றப் படிப் பிரிவின் எழுத்தர், அந்த எட்டு கிலோவுக்கு விளக்கம் வரும்வரை படியும் கிடையாது, சாமானும் நகரக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதிவைத்தார்.

அவள் ஒரு பெட்டியோடு முகாமுக்கு வந்து, இரண்டு அறைக் குடியிருப்பில், மெத்தையில்லாத இரும்புக் கட்டிலில் படுத்தாள். முதல் வாரம் புது இடம் என்று நினைத்தாள். முதல் மாதம் கட்டில் என்று நினைத்து, மருத்துவமனையில் மெத்தை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். கண் மூடும், அதற்குமேல் ஒன்றும் நடக்காது. அம்மா ஃபோனில், "சூடா பால் குடிச்சிட்டுப் படுடீ" என்றாள். "படுக்கறதுல ஒரு குறையும் இல்லம்மா. படுத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றாள் இவள். பாடப்புத்தகங்கள் எல்லாவற்றையும் மறுபடி படித்து முடித்தாள். திரைச்சீலைகளை வாரம் மூன்று முறை துவைத்தாள். ஆறாம் மாதம் கையில் நடுக்கம் வந்தது. தையல் போட்டுவிட்டு, நர்ஸை ஒருமுறை எண்ணிப் பார்க்கச் சொல்ல ஆரம்பித்தாள். நர்ஸ் எண்ணிச் சொல்வாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தப் 'பெரும்பாலும்' இருவருக்கும் பயமாக இருந்தது.

பதினோராம் மாதம் தலைமை மருத்துவர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். "இன்னும் மூணு மாசம் பாக்கறேன்மா. கை நடுங்கற ஆளைக் கத்திப் பக்கம் விட முடியாது. அப்புறம் உனக்கு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்ல கையெழுத்துப் போடற வேலைதான்." அறுவை சிகிச்சைக்காகவே மருத்துவம் படித்தவள். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்து, கை கழுவும் தொட்டியருகில் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள்.

இதற்குள் இரண்டு விளக்கம் எழுதியிருந்தாள். மெத்தை மழையில் நனைந்திருக்கலாம் என்றாள். காயவைத்து எடை போட்டார்கள், பத்தொன்பதே. தராசு பழுதாயிருக்கலாம் என்றாள். தராசு சரியாக இருந்தது. ஒவ்வொரு பதிலும் வர மூன்று மாதம். மூன்றாவது முறை, வேறு காரணம் தோன்றாமல் சாமானை விடச் சொல்லி மட்டும் எழுதினாள்; அதற்கு வந்த பதிலோடு கிடங்கின் புகார் ஒன்றின் நகலையும் தவறுதலாக இணைத்து அனுப்பிவிட்டார்கள். அவளுடைய சாமானைக் காவல் காத்த மூன்று பேர் வேலை நேரத்தில் தூங்கி மாட்டிக்கொண்டார்கள். நான்காவதாக, அவர்களைப் பிடிக்கப் போன மேலாளரும் மெத்தைமேல் சாய்ந்தபடி தூங்கியிருந்தார். அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு எழுத்தருக்கு ஃபோன் போட்டாள்.

"சார், அந்த எட்டு கிலோ என்னோட தூக்கம்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "எத்தனை மணி நேரம் தூங்குவீங்க மேடம்?"

"எட்டு."

"அப்ப சரியாத்தானே இருக்கு? இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? மழை, தராசுன்னு ஒரு வருஷம் இழுத்தடிச்சிட்டீங்களே!"

தூக்கம் வீட்டுச் சாமான் அல்ல, உடம்போடு சேர்ந்தது. கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி மாதிரி. அதற்கு எடை வரம்பு இல்லை என்று விதியைப் பார்த்துச் சொன்னார். மறுநாளே படிக்கு ஒப்புதல் கொடுத்தார். ஆனால் லாரியை எடுத்த இரண்டு ஓட்டுநர்களும் பத்து கிலோமீட்டர் தாண்டுவதற்குள் தூங்கிப்போனார்கள். ஒருவர் வண்டியைச் சோளக் காட்டில் விட்டார். காயம் யாருக்கும் இல்லை. ஓட்டுநரை நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று கடிதம் வந்தது.

அவளிடம் மாதம் ஒருமுறை மாத்திரைக்கு வரும் ஓட்டுநர் ஒருவர் இருந்தார். முகாமில் எல்லோரும் அவரை ஆந்தை என்பார்கள். ஒன்பது வருடம் முன்பு வண்டி ஓட்டும்போது ஒரே ஒரு கணம் கண்ணயர்ந்து, பக்கத்தில் இருந்த நண்பனைப் பறிகொடுத்தவர். அதன்பின் அவருக்குத் தூக்கமே இல்லை. "என்னைத் தூங்க வைக்க எந்த மெத்தையாலயும் ஆகாது டாக்டரம்மா. நாளைக்குச் சாயங்காலம் உங்க வாசல்ல இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்தொன்பது நாள் கழித்து வந்தார். கண்ணுக்குக் கீழே இருந்த பைகள் காணாமல் போயிருந்தன. மருத்துவமனைத் தராசில் மெத்தை பதினைந்து கிலோ காட்டியது.

"தப்புப் பண்ணிட்டேன் டாக்டரம்மா. கண்ணு சொக்குச்சு. ஓரமா நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கல்லு வச்சிட்டுத்தான் படுத்தேன். எந்திரிச்சா பதினேழு நாள் ஆயிருக்கு." காவலாளிகளிடம் சொந்தத் தூக்கம் இருந்தது, மெத்தை அதைக் கூப்பிட்டதோடு சரி. இவரிடம் சொந்தமாக ஒன்றும் இல்லாததால் மெத்தையிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தார்.

அவள் தராசு முள்ளையே பார்த்தாள். பதினான்கு மாதம் எட்டுக்காகக் காத்திருந்தவள். ஒரு நிமிடம் அவரை அறைந்துவிடலாமா என்றிருந்தது. பிறகு, பழக்கம் விடாமல், அவர் கீழிமையை இழுத்துப் பார்த்தாள், நாடி பிடித்தாள்.

"அதுக்கப்புறமும் தூக்கம் வருதா?"

"பத்து மணியானா தன்னால வருது. கனவுல அவன் வந்து சும்மா உக்காந்திருக்கான், பேசறதில்ல." அவர் தலை குனிந்தார். "எடுத்துக்குங்கன்னு சொல்ல ஆசைதான். எப்படி எடுத்துக் குடுக்கறதுன்னு தெரியல."

"எனக்கும் தெரியாதுண்ணே. போங்க, போய் வண்டியக் கழுவுங்க."

அவருடைய நோய்க் குறிப்பில், தூக்கம் நான்கு கிலோ, ஒரே தவணை, குணம் தெரிகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மருந்துக் கிடங்கு பின்னாளில் அந்த மருந்து இன்னும் எவ்வளவு தேவை என்று கேட்டு எழுதியது. பதில் போட்டதாகத் தெரியவில்லை. நாளுக்கு நான்கு மணி நேரம் என்பது அலுப்பு முழுதும் போகிற அளவு அல்ல. கை நடுக்கம் நிற்கிற அளவு. தலைமை மருத்துவர் கெடு முடிந்த நாளில் அவள் ஒரு குடல்வால் அறுவை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று, லாரி வந்த மத்தியானம், அவள் மெத்தையை வார்டுக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில் போட்டு, மூன்று முடிச்சையும் கத்தரிக்கோலால் வெட்டி, கோட்டைக்கூடக் கழற்றாமல் படுத்தாள். நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு நடைக்கு வந்தாள். பதினோரு சிப்பாய்கள் சீட்டோடு வரிசையில் இருந்தார்கள்.

"டாக்டரம்மா தூங்கறாங்க" என்றாள். "ஆறு மணிக்கு மேல வாங்க."

யாரும் காரணம் கேட்கவில்லை. குனிந்து பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள்.