தொட்டி மூடும் நாள்

வக்கீல் ஹாலாஸ்யம் கொழும்புக்குப் போய்வந்த கையோடு, பழங்காநத்தம் தாண்டி இருந்த தன் பங்களாத் தோட்டத்தில் ஒரு நீச்சல் தொட்டி கட்டிக்கொண்டார். ஊரில் பாதிப்பேர் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைந்த காலம் அது. பணக்காரனுக்கு ஆசை வந்துவிட்டால் யார் குறுக்கே நிற்பது? இரண்டாள் ஆழம், நான்கு பக்கமும் வழவழவென்று சிமெண்டுச் சுவர். படி வைத்தால் பாசி பிடிக்கும் என்று படியே கட்டவில்லை. இறங்கவும் ஏறவும் ஒரே ஒரு தேக்கு ஏணிதான்.

கோடை முழுக்க வக்கீல் அதில் மிதப்பார். ஐப்பசி மழைக்கு முன்னால் தொட்டியைக் காலிசெய்து மூடுவது தோட்டக்காரன் நல்லகாமனின் வேலை. முங்கிப்போய் அடித்துளையின் கட்டையைப் பிடுங்குவான். தண்ணீர் கீழே தென்னந்தோப்புக்கு ஓடும். ஏணியை மேலே இழுத்து, வேப்பெண்ணெய் பூசிக் கொட்டகையில் சாத்துவான். பிறகு குறுக்கே பனங்கைச் சட்டங்களைப் போட்டு, பின்னிய தென்னங்கிடுகால் மூடிவிடுவான். வருஷா வருஷம் கை தானாகச் செய்கிற வேலை.

இந்த வருஷம் அவனுக்குப் புதுப் பெண்டாட்டி. இருளாயி மேற்கே கிணற்றடியில் வளர்ந்தவள். கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்கிறவள். இங்கே வந்ததிலிருந்து கொட்டகைக்குப் பின்னால் ஒரு வாளித் தண்ணீரில்தான் குளியல். வேலைக்காரர்கள் தொட்டியில் கால்கூட நனைக்கக் கூடாது என்பது வக்கீல் வீட்டம்மாள் தர்மாம்பாளின் கண்டிப்பு. அத்தனை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஏங்கி ஏங்கி, பாவம், அந்தப் பெண்ணின் முகமே செத்துப்போயிற்று. ஒருநாள் ஊருக்குப் போகிறேன் என்று துணிமணியை மூட்டை கட்டிவிட்டாள். நல்லகாமன் ஓடிவந்து மூட்டையைப் பிடித்துக்கொண்டான். அவளை விட்டால் அவனுக்கு நாதியில்லை.

"தொட்டி மூடுற அன்னைக்கு உன்னைய எறங்கவிடுறேன் புள்ள. அதுவரைக்கும் பொறுத்துக்க."

"நெசமாவா மச்சான்?"

"கருப்பன் மேல சத்தியம்."

மூட்டை அவிழ்ந்தது. அவள் சிரித்ததைப் பார்த்து இவனுக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

வக்கீல் குடும்பம் திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியது. கார் ஏறும்போது தர்மாம்பாள் சொன்னாள்: "நல்லகாமா, நாங்க வரதுக்குள்ள தொட்டியைக் காலி பண்ணி மூடிடு. போன வருஷம் கொசு பிடுங்கித் தின்னுடுத்து."

அவன் கட்டையைப் பிடுங்கினான். தண்ணீர் பாதிக்கு இறங்கியதும் சொன்ன வாக்கு ஞாபகம் வந்தது. மறுபடி முங்கிக் கட்டையை அடித்து இறுக்கினான். ஒரு ஆளை முழுக்க மறைக்கிற தண்ணீர் நின்றது. அவளுக்கு இம்புட்டுப் போதும் என்று சந்தோஷமாக ஏணியில் ஏறி வந்தான். வந்தவன், பழக்க தோஷம், ஏணியையும் மேலே இழுத்தான். எண்ணெய் பூசினான். கொட்டகையில் சாத்தினான்.

"கெடுகு எடுத்துட்டு வந்துர்றேன். நான் வந்தப்பறம் எறங்கு."

"வெரசா வாங்க," என்றாள் இருளாயி. அவள் கண் தொட்டியின் மேலேயே இருந்தது.

பழங்காநத்தத்தில் கிடுகு வியாபாரி தவசி வண்டியில் பாரம் ஏற்றும்போதே மழை பிடித்துக்கொண்டது. "விடட்டும் மாப்ள, நனைஞ்சு என்ன ஆகப்போகுது?" என்று வெற்றிலையை நீட்டினான். நல்லகாமன் உட்கார்ந்துவிட்டான். அவள் காத்திருக்க மாட்டாள், இறங்கியிருப்பாள் என்றுகூட நினைத்துச் சிரித்துக்கொண்டான். கிணற்றில் கிடந்தவளுக்குத் தண்ணீரைக் கண்டு என்ன பயம்? ஆனால் ஊர்க் கிணற்றில் எந்தப் பக்கம் கை நீட்டினாலும் பிடிக்க ஒரு கல் இருக்கும். அந்த நினைப்பு அவனுக்கு வரவேயில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மழை விட்டதும் தவசியை வண்டியோடு வரச்சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். தொட்டி ஓரத்தில் மாற்றுச்சேலை மடித்தபடி நனைந்து கிடந்தது. கூப்பிட்டுக்கொண்டே ஓரத்துக்கு ஓடினான். தண்ணீர் இறங்கிய இடத்தில் சுவரெல்லாம் பாசிப் படலம். அதில் விரல்கள் வழித்த கோடுகள், நான்கு பக்கமும், ஒரு இடம் விடாமல்.

அப்படியே குதித்தான். அடியிலிருந்து அவளைத் தூக்கித் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டான். உடம்பு சில்லிட்டிருந்தது. மேலே ஏறச் சுவரைப் பிடித்தான், கை வழுக்கியது. அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. வாய்விட்டு அலறினான். பிறகு அவளோடு முங்கிக் கட்டையைப் பிடுங்கி எறிந்தான். காலையில் நிறுத்திய தண்ணீர் தோப்பைப் பார்த்துச் சலசலவென்று ஓடியது.

தவசி வந்து எட்டிப் பார்த்தபோது தண்ணீர் அவன் இடுப்புக்கு இறங்கியிருந்தது. இருளாயியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான்.

"அய்யோ மாப்ள! ஏணி எங்கப்பா? ஏணி எங்க?"

நல்லகாமன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கொட்டகையில இருக்கு," என்றான். "எண்ணெ காயட்டும்னு சாத்தி வச்சேன்."