சந்தனப் பட்டையும் இருநூற்றுப் பத்து வாட்டும்

அங்கே இருந்தவர்கள்:

செல்வராணி. பதினோரு வருடம் ஓட்டல் விறகடுப்பில் நின்றவள். கடைசி மூன்று மாதம் தூத்துக்குடியில் தங்கி, சூரிய மின்சாரமும் புகையில்லாச் சமையலும் படித்துச் சான்றிதழ் வாங்கியவள்.

வன்னியபெருமாள் அண்ணாச்சி. அந்த ஓட்டலுக்கு முதலாளி. பயிற்சி மையத்துக்காக விட்டுக்கொடுத்த, உப்பு மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கிக்கும் முதலாளி. கிட்டங்கிச் சாவி அவர் இடுப்பில். ஒரு சாண் நீளம். கதவுக்கு உள்ளேயிருந்தும் போடலாம், வெளியேயிருந்தும் போடலாம்.

ஜெப்ஸி. மையத்தை நடத்த வந்த தொண்டு நிறுவனத்தின் பொறியாளர்.

இசக்கித்தாயும் அவளோடு இருபத்திரண்டு பெண்களும்.

வேன் ஓட்டுநர். எஞ்சினை அணைக்காமலே உட்கார்ந்திருந்தார்.

ஏணி பிடிக்க ஒருவன். துறைமுகத்தில் நிலக்கரி பெல்ட்டில் நைட் ஷிப்ட் பார்த்து, பாதியில் விட்டுவிட்டு வந்தவன். இதை எழுதுவதும் அவன்தான். அவனைப் பற்றி இது போதும்.

(ஒரு பசுவும் இருந்தது. இரண்டு பக்கம் எழுதியும் அதற்கு வேலை கிடைக்கவில்லை. அவிழ்த்து விட்டுவிட்டேன்.)

1

இந்தக் கதை ஓர் எண்ணிலிருந்து வந்தது. ஒரு சின்னத் திரையில் 210 என்று இருந்த எண், முக்கால் மணி நேரத்தில் மூவாயிரத்தைத் தாண்டியதை நான் கூடவே நின்று கேட்டேன். அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்பவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். எண்ணுக்கு ஆள் வேண்டும் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: "கிழக்கே கடலுக்கு மேல் செம்பழுப்பாய் எழுந்த சூரியன், உப்பளப் பாத்திகளில்"

[நிறுத்திவிட்டேன். விழா பத்தரை மணிக்கு. சூரியன் எழுந்து வெகு நேரமாகிவிட்டது.]

இரண்டாம் தொடக்கம்: "செல்வராணி புருஷனை இழந்தவள். பொட்டு வைக்காத அவள் கையால்"

[இதுவும் வேண்டாம். அடுத்து வரும் சம்பவத்துக்கு இது வசதிதான். வசதியாக இருப்பதால்தான் சந்தேகம். அவள் புருஷன் உயிரோடு இருக்கிறான். ஓட்டப்பிடாரத்தில் பலசரக்குக் கடையில் பொட்டலம் மடிக்கிறான். அவனைக் கொன்று எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.]

மூன்றாவது தொடக்கம் கீழே. அதில் அழகு கிடையாது.

2

வேம்பாருக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையிலிருந்து உப்பளத்துக்குப் பிரியும் இடத்தில் அந்தக் கிட்டங்கி இருக்கிறது. கூரைமேல் எட்டு சோலார் பலகைகள். உள்ளே நான்கு இன்டக்‌ஷன் அடுப்புகள். கரண்ட் ஆபீஸ் இணைப்பு இன்னும் வரவில்லை. முந்தின நாள் விழா உற்சாகத்தில் சீரியல் விளக்கும் மைக் செட்டும் போட்டு, பேட்டரியை ஒட்ட உறிஞ்சியாயிற்று. சூரியன் கொடுத்தால்தான் அடுப்பு.

நிறுவனத்தின் நிபந்தனை எளிது. அன்று மதியம் பன்னிரண்டுக்குள் அடுப்பு எரிய வேண்டும், இருபது பெண்கள் பெயர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை, பேட்டரி, அடுப்பு எல்லாம் வேனில் ஏறிப் பெரியதாழைக்குப் போகும். அங்கே ஆட்கள் கேட்டுக் காத்திருந்தார்கள். மையம் போனால் செல்வராணியின் பயிற்றுநர் வேலையும் போகும். மறுநாள் காலை அவள் அண்ணாச்சி ஓட்டலின் உடைமர விறகுப் புகைக்குத் திரும்ப வேண்டும். அங்கே அவள் இடத்தில் வேறு ஆளை இன்னும் போடவில்லை. அது அவளுக்குத் தெரியும்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. செல்வராணி அடுப்பைத் தொட்டாள். கீச்சென்று ஒரு சத்தம் போட்டு அணைந்தது. மறுபடி தொட்டாள். மறுபடி கீச். இன்வெர்ட்டர் திரையில் 210 வாட். ஓர் அடுப்புக்கே ஆயிரத்துக்கு மேல் வேண்டும்.

3

"ஏளா செல்வராணி, மூணு மாசம் போய்ப் படிச்சது அடுப்பு அணைக்கவா?" என்றாள் இசக்கித்தாய். "அத எங்க வீட்டு ஈர விறகே செய்யுமே."

பெண்கள் சிரித்தார்கள். செல்வராணியும் சிரித்துவைத்தாள். சிரிக்காவிட்டால் தோற்றதாகிவிடும்.

ஜெப்ஸி முழங்காலிட்டு ஒவ்வொரு வயராகத் திருகிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருப்பதுதான் அவருக்குக் கவலை.

"வெயில் அங்கன கொளுத்துது, நமக்குக் கண்ணு கூசுது," என்றார் அண்ணாச்சி. "ஒங்க மிஷினுக்கு மட்டும் தெரியலயோ?"

வாசலிலிருந்து ஓட்டுநர் குரல் கொடுத்தார். "மேடம், ஏத்த ஆரம்பிச்சிரலாமா? பெரியதாழை போய் இறக்கணும்."

செல்வராணி அடுப்பை விட்டு நகர்ந்தாள். அடுப்பு சோறு தராவிட்டால் அடுப்போடு சண்டை போடக்கூடாது, விறகைப் பார்க்க வேண்டும். பதினோரு வருடத்தில் கற்றது அது. இந்த அடுப்புக்கு விறகு கூரைமேல் இருக்கிறது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியைக் கேட்டாள்.

ஏறினாள். தலை கூரைக்கு மேலே போனதும் நின்றுவிட்டாள்.

எட்டுப் பலகைகளிலும் சந்தனம். ஒவ்வொன்றிலும் மூன்று பட்டை, கையகலம், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. காய்ந்து கெட்டியாகியிருந்தது. பட்டைக்கு நடுவே குங்குமம். கீழ் விளிம்பு நெடுக, எட்டுக்கும் சேர்த்து ஒரே செவ்வந்தி மாலை. வரிசையாய்ப் படுத்திருக்கும் எட்டு நெற்றிகள்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. பயிற்சியில் அவளே மற்றவர்களுக்குச் சொன்ன உதாரணம்தான்: உப்பளத்தில் ஒரு மடையை அடைத்தால் அந்த ஒரு பாத்தி மட்டுமா காயும், பின்னால் இருக்கிற வரிசை முழுக்கக் காயும். பலகைக்குள் இருக்கும் கட்டங்களும் அப்படித்தான். மூன்று பட்டை மூன்று மடையை அடைத்திருந்தது, எட்டு இடத்தில்.

4

இங்கே ஒரு திருத்தம்.

மேலே "ஏணியைக் கேட்டாள்" என்று எழுதி நழுவியிருக்கிறேன். அதே ஏணியில் விடியக்காலம் ஐந்தரைக்கு அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தோடு ஏறினார். அப்போதும் பிடித்தது நான்தான். "எனக்கு விவரம் தெரியாது" என்று ஒரு வரி எழுதினேன். அழித்துவிட்டேன். தெரியும். பலகைமேல் எதுவும் படக்கூடாது என்று ஜெப்ஸி மேடம் முந்தின நாளே சொல்லியிருந்தார். பெரிய மனுஷனிடம் அந்த நேரத்தில் யார் வாதாடுவது? அண்ணாச்சி டீ வாங்கித் தந்தார். குடித்தேன்.

அண்ணாச்சியை வில்லனாக்க ஒரு ஆசை வந்தது. மையம் படுத்தால் சமையல்காரி அவருக்குத் திரும்பக் கிடைப்பாளே. ஆனால் ஏணியடியில் நின்று அவர் முகத்தைப் பார்த்தவன் நான். புது லாரிக்குப் பட்டை போடுகிற மாதிரி, வாய்க்குள் சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டு, ஒரு பலகைகூட விட்டுப்போகக்கூடாதென்று தவழ்ந்து தவழ்ந்து போட்டார். முழு நல்லெண்ணத்தோடு அந்த ஊரின் மின்சாரத்தை மூடினார். இதை நான் கற்பனை செய்திருந்தால் இதைவிட நம்பும்படியாகச் செய்திருப்பேன்.

5

ஏணியில் நின்றபடியே செல்வராணி விஷயத்தைச் சொன்னாள்.

ஜெப்ஸி குரலைத் தாழ்த்தினார். "அக்கா, துடைச்சிருங்க. சர்ச்சுக்குப் போறவ நான் ஏறித் தொட்டா அது வேற பேச்சாயிரும். ஒங்களுக்கே தெரியும்."

"வச்ச பொட்ட அழிக்கதா?" அண்ணாச்சிக்குக் கேட்டுவிட்டது. "திறப்புவிழா அன்னைக்கு, சுமங்கலி கையால? அப்படி ஒரு காரியம் நடந்தா சாவி என் இடுப்புலயே கெடக்கட்டும். வேனுல ஏத்திக்கிட்டுப் போங்க."

இசக்கித்தாயின் விரல் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. மணி பதினொன்று ஐந்து.

(இந்த இடத்தில் செல்வராணி அரைப்பக்கம் பேசினாள். புகை, கண்ணெரிச்சல், நுரையீரல், பெண்கள் நிலை. கிழித்துவிட்டேன். ஏணியின் ஒன்பதாம் படியில் நிற்கிறவள் அரைப்பக்கம் பேசமாட்டாள். கால் கடுக்கும்.)

அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அண்ணாச்சி, ஆடிச் செவ்வாய்க்கு அம்மனுக்குச் சந்தனக்காப்பு ஒங்க செலவுதான?"

"ஆமா. அதுக்கென்ன?"

"மறுநா அந்தக் காப்ப எப்படிக் களஞ்சாவ? துணி வச்சா துடச்சாவ?"

"சாமிய எவனாவது துடைப்பானாளா? அபிஷேகம் பண்ணி…" என்றவர் வாயை மூடிக்கொண்டார்.

"அப்ப அபிஷேகம் பண்ணுவோம். மொதக் குடம் நீங்க எடுத்துக் குடுங்க."

அண்ணாச்சி கூரையைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். "தீர்த்தம் கால்ல படக்கூடாது."

"கீழ அண்டா வைக்கோம். வேப்பமர மூட்டுல ஊத்திருவோம்."

"மாலை?"

"வாசல் நிலைக்குச் சாத்திருவோம். அதுக்கும் மரியாததான."

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் தண்ணீர் என்றதும் ஒருத்தி போர்வெல் குழாயைத் திறக்க ஓடினாள். செல்வராணி மேலிருந்து தடுத்தாள். "அது உப்பு. காஞ்சா கண்ணாடி மேல வெள்ளப் பூத்துக்கிடும், சந்தனமே தேவலாம்னு ஆயிரும். நல்ல தண்ணி வேணும்."

அந்த ஊரில் நல்ல தண்ணீர் டிராக்டரில் வருகிறது, குடம் கணக்கில். ஒவ்வொரு வீட்டிலும் ஐந்தோ ஆறோ குடம், மூன்று நாளைக்கு.

"குடிக்கத் தண்ணியக் கூரைக்கா ஊத்தச் சொல்லுத?" என்றாள் இசக்கித்தாய்.

"ஆமா மைனி."

இசக்கித்தாய் யோசித்தாள். பிறகு ஜெப்ஸி பக்கம் திரும்பினாள். "எம்மா, ஒரு குடத்துக்கு ஒரு பேரு எழுதுவியா? எங்குடம் மேல ஏறுச்சுன்னா, மொத அடுப்புல நாந்தான் நிப்பேன். பெறவு எவளும் குறுக்க வரக்கூடாது."

"எழுதுதேன்," என்றார் ஜெப்ஸி, பேனாவைத் தேடிக்கொண்டே.

அடுத்து நடந்ததை எழுத எனக்கு வேகம் போதவில்லை. முதல் குடத்தை அண்ணாச்சி தன் ஓட்டலிலிருந்து தன் தோளிலேயே கொண்டுவந்தார். செல்வராணி வாங்கினாள். "சுடுத கண்ணாடி, சட்டுனு கவுத்தக்கூடாது" என்று தனக்கே சொல்லிக்கொண்டு நூல்போல ஊற்றினாள். சந்தனம் ஊறி, இளகி, மஞ்சள் ஓடையாய் இறங்கியது. ஏணிப்படிகளில் பெண்கள், ஏணிக்குக் கீழே தெருவரை பெண்கள், கை மாற்றிக் கை மாற்றிக் குடங்கள். என் தலையில் பாதி அபிஷேகம். யாரோ குலவை போட்டார்கள். இன்னொருத்தி அதை வாங்கிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து ஜெப்ஸி கத்தினார்: "நானூத்தி அறுவது!"

"எங்குடமாளா அது?"

"ஒங்குடம் இன்னும் தெருவுலல்லா கெடக்கு, நடளா."

"தொள்ளாயிரத்தி பத்து!"

"ஆயிரத்தி எழுநூறு!"

ஏழாவது பலகை. எட்டாவது. மூலையில் ஒரு பட்டை விடாப்பிடியாக ஒட்டியிருந்தது. செல்வராணி குப்புறப் படுத்து, உள்ளங்கையில் தண்ணீர் அள்ளி அள்ளி அதன்மேல் விட்டாள். ஒரு விரல்கூடத் தேய்க்கவில்லை. கீழே அண்ணாச்சி அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூவாயிரத்தி நாப்பது!"

பெயர் இருபத்தொன்று. மணி பதினொன்று ஐம்பது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். ஒரு எஞ்சின் நிற்பது அவ்வளவு பெரிய சத்தமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

6

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருக்கின்றன.

ஒன்று: அடுப்பில் பால் வைக்கிறார்கள். பொங்கி வழிகிறது. குலவை. மையம் தங்குகிறது.

இரண்டு: பால் பொங்கி வழிகிறது. வழிந்த பால் அடுப்பின் தொடுபொத்தான்கள்மேல் ஓடுகிறது. அந்த ஜாதி அடுப்புக்குப் பொத்தான் நனைந்தால் ஆகாது, கீச்சென்று அணைந்துவிடும். பால் பொங்கும்போது அணைந்த அடுப்பை எந்தப் பெண் தொடுவாள்? எழுதிய பெயரெல்லாம் வீட்டுக்குப் போகிறது. வழியவிடாமல் முன்னாலேயே இறக்கிவிட்டாலோ, பொங்காத பால், அதுவும் ஆகாது.

எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளே இல்லை. ஆகவே பால் உங்கள் பொறுப்பு. வழியவிடுங்கள், அல்லது இறக்குங்கள். எனக்குத் தெரிந்த கடைசி விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பெண்கள் அடுப்புகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முதல் வகுப்பு, ஆண்கள் வெளியே போகவேண்டும் என்று செல்வராணி சொல்லியிருந்தாள். நான் ஈரச்சட்டையோடு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, விடியக்காலம் அண்ணாச்சிக்கு ஏணி பிடிச்சது…"

"தெரியும்லே. ஒன் காலர்ல சந்தனம் அப்பியிருந்துச்சு."

"பெறவு ஏன் என்னையே பிடிக்கச் சொன்னிய?"

"ஆடாம பிடிக்குத. வாய்தான் தொறக்க மாட்டுக்க. நாளைக்கு வரும்போது அதையும் கொண்டா."

"பால் வழிஞ்சா அடுப்பு அணையுமே. வழியாட்டா இவங்க ஒத்துக்க மாட்டாங்களே?"

"அதுக்குத்தான மூணு மாசம் படிச்சிருக்கேன். வெளிய போ, பால் வைக்கணும்."

முதுகில் கைவைத்துத் தள்ளினாள். வேப்பமரத்தடியில் அண்ணாச்சி எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். பழக்கத்தில் அவர் கை இடுப்பைத் தடவியது. அங்கே ஒன்றுமில்லாததால் வேட்டியைச் சரிசெய்வதுபோல் சரிசெய்துகொண்டார்.

என் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.