இரண்டு மடிப்பு

பிளாஸ்டர் சுருளின் நுனி முக்கோணமாக இரண்டு முறை மடிக்கப்பட்டிருந்தது. டிராலி முன்னால் அப்படியே நின்றுவிட்டேன்.

ஏஜென்சி நர்ஸுக்குச் சொந்த வார்டு கிடையாது. காலையில் ஃபோன் வரும். எங்கே ஆள் குறைகிறதோ அங்கே போய் நிற்க வேண்டும். கையுறை எந்த அலமாரியில், ஊசி எந்த இழுப்பறையில் என்று கை பழகுவதற்குள் டியூட்டி முடிந்துவிடும். மறுநாள் வேறு இடம்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். கத்தரிக்கோல், டார்ச், சாவி எல்லாம் இடுப்பில் தொங்கும். நடந்தால் சத்தம் வரும். சலங்கை என்று பெயர் வைத்தேன். ஒரே ஏஜென்சிதான், ஆனால் சேர்ந்து வேலை பார்த்தது அபூர்வம். அவள் நேற்றுப் போன இடத்துக்கு நான் இன்று போவேன்.

"புது வார்டுக்குப் போனா முதல்ல ஆக்சிஜன் எங்கன்னு பாரு. அப்புறம் சிரிக்கிற மூஞ்சி எங்கன்னு பாரு," என்பாள்.

"சிரிக்கிற மூஞ்சி இல்லன்னா?"

"ஆக்சிஜனை நீயே எடுத்து மாட்டிக்கோடி."

பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க எல்லா நர்ஸும் நுனியை மடித்துவிடுவார்கள். நாங்கள் அதைத் தபாலாக்கினோம். முக்கோணமாக ஒரு மடிப்பு என்றால் நல்ல வார்டு. இரண்டு மடிப்பு என்றால், மறுபடி கூப்பிட்டால் காய்ச்சல் என்று சொல்லிவிடு. முகம் தெரியாதவர்களுக்கு நடுவில் அந்த முக்கோணத்தைப் பார்த்தால், அவள் இப்போதுதான் எழுந்து போனதுபோல் இருக்கும்.

பிறகு அவள் கணவருக்கு மாற்றல் வந்தது. கொஞ்ச காலம் பேசினோம். பிறகு அவள் எண் மாறிவிட்டது.

இந்த வார்டுக்கு இன்றுதான் முதல் தடவை. பக்கத்து வார்டில் நான் வேலை செய்வதைப் பார்த்து இங்குள்ள இன்சார்ஜ் சிஸ்டர் கூப்பிட்டிருந்தார். "இன்னிக்கு இருந்து பாருங்க. பிடிச்சிருந்தா நிரந்தரமா எடுத்துக்கறோம். கிளம்பறப்போ சொல்லிடணும், வேற ஆளும் கேட்டுட்டு இருக்காங்க."

என் கால் வலிக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய வார்த்தை என்று. ஒரு லாக்கர். நாளையும் அதே இழுப்பறையில் இருக்கிற ஊசி.

இப்போது இரண்டு மடிப்பு. அடுத்த சுருளை எடுத்தேன். அதிலும் இரண்டு. அலமாரியில் இருந்த அத்தனையிலும்.

"இதெல்லாம் யாரும்மா மடிச்சது?" இளைய நர்ஸிடம் கேட்டேன்.

"நாங்கதான்க்கா. இங்க எல்லாரும் அப்படித்தான் மடிப்போம்."

"ஏன் ரெண்டு?"

"தெரியலயே. சிஸ்டரைத்தான் கேக்கணும்."

சாப்பிடும்போது கேட்டேன். சிஸ்டர் சிரித்தார்.

"நான் புதுசா சேர்ந்தப்போ ஒரு ஏஜென்சி அக்கா வந்தாங்க. நடந்தா கலகலன்னு சத்தம். அவங்க மடிச்சது அழகா இருந்துச்சு. நானும் பழகிக்கிட்டேன், அப்புறம் எல்லாரும். எங்க வார்டு முத்திரைன்னே வச்சுக்கோங்க."

எனக்குப் புரையேறியது. வராதே என்று அவள் எழுதிவைத்ததை இவர்கள் வாசலில் கோலமாகப் போட்டிருக்கிறார்கள்.

"அந்த அக்காவுக்கு இந்த வார்டு பிடிச்சிருந்துதா?"

சிஸ்டர் டப்பாவை மூடினார். "எப்படிப் பிடிக்கும்? அப்போ இருந்த இன்சார்ஜ் ரொம்பக் கறார். ஏஜென்சிக்கு எதுக்கு நாற்காலின்னு கேட்டுட்டாங்க. அவங்க ஸ்டோர் ரூம்ல நின்னுக்கிட்டே சாப்பிட்டாங்க. எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது."

அப்போதுதான் கவனித்தேன். நான் உட்கார்ந்திருந்தது சிஸ்டரின் நாற்காலி. அவர் மருந்துப் பெட்டி மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாலையில் கிளம்பும்போது சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். சரி என்றேன். லாக்கர் சாவியைக் கையில் வைத்தார்.

திரும்பி வந்து டிராலியில் இருந்த சுருளை எடுத்தேன். ஒரு மடிப்பைப் பிரித்தேன். இன்னொன்றை விரலால் அழுத்தி வைத்தேன்.

"அக்கா, நம்ம வார்டுல ரெண்டு மடிப்பு," என்றாள் இளையவள்.

"இனிமே ஒண்ணுதான்மா."