மூச்சைப் பிடித்த வண்ணத்துப்பூச்சி

சோல்பி தன் நிபந்தனையை அப்பாவிடம் சோற்றுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்லியிருந்தாள். அம்மாவின் கொண்டை அணியில் இருக்கும் வெள்ளி வண்ணத்துப்பூச்சி, கடைக்கார ஆன்ட்டி பக்கத்தில் நிற்கும்போதும் நடுங்க வேண்டும். நடுங்கினால் அவர் இந்த வீட்டுக்கு வரலாம். இல்லையென்றால் கல்யாணம் கிடையாது.

அவள் அப்பா தோக்யம் அதை, அந்தக் கடைக்கார ஆன்ட்டியான நாரேவிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சிரிப்பு அடங்கியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எட்டு வயசுப் பொண்ணோட அடம்னு என்னால தள்ளிவிட முடியல, நாரே. அவளுக்கு மனசு வராம உன்னை உள்ள கூட்டிட்டு வந்தா, அது மூணு பேருக்கும் தண்டனை."

நாரே சிரிக்கவில்லை. அந்தப் பூச்சியைச் செய்தவளே அவள்தான். தன் பக்கத்தில் அது நடுங்குவதில்லை என்பது ஒரு வருடமாக அவளுக்குத் தெரியும்.

கொரியாவின் ஜோன்ஜு நகரில், ஓட்டு வீடுகள் நிறைந்த தெருவில் அவள் பட்டறை இருந்தது. மணப்பெண்கள் தலையில் செருகிக்கொள்ளும் தொல்ஜாம் என்ற கொண்டை அணியைச் செய்வது அவள் தொழில். வெளிர்பச்சை ஜேட் கல்லில் ஒரு வட்டத் தட்டு. அதன்மேல், முடியைவிடக் கொஞ்சமே தடித்த வெள்ளிக் கம்பியை ஊசியில் சுற்றி எடுத்த சுருள்கள். சுருளின் நுனியில் ஒரு பூவோ, பறவையோ, பூச்சியோ. பெண் நடந்தால் அது நடுங்கும். நடக்காமல் உட்கார்ந்திருந்தாலும் நடுங்கும். கழுத்து நரம்பின் துடிப்பே அதற்குப் போதும். பக்கத்தில் ஓர் உயிர் மூச்சுவிடும்வரை நல்ல தொல்ஜாம் முழுதாக ஓய்வதில்லை.

பத்து வருடங்களுக்கு முன், பட்டறை முற்றத்து முள்ளங்கிப் பூக்களுக்கு அடியில் செத்துக் கிடந்த ஒரு வெள்ளை வண்ணத்துப்பூச்சியை நாரே எடுத்துவந்தாள். அதன் சிறகு நரம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வெள்ளித் தகட்டில் கீறினாள். ஒரு சிறகின் ஓரத்தைப் பறவை கொத்தியிருந்தது. அந்தக் குறையையும் அப்படியே வெட்டினாள். நகை பார்க்க வந்த ஹேவோன் என்ற பெண் அந்தக் கொத்தலுக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தாள். பறவையிடமிருந்து தப்பித்த பூச்சி தனக்கு ராசியாக இருக்கும் என்றாள். தோக்யத்தை மணந்து, சோல்பியைப் பெற்று, மூன்று வருடங்களுக்கு முன் ஹேவோன் நோயில் போய்ச் சேர்ந்தாள்.

போன குளிர்காலத்தில்தான் தோக்யம் அந்த அணியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தான். ஒரு சுருள் வளைந்திருந்தது. நாரே நிமிர்த்தினாள், பூச்சி ஆடவில்லை. கம்பியை மாற்றினாள், ஆடவில்லை. சூட்டைக் குறைத்து மறுபடி சுற்றினாள், அப்போதும் ஆடவில்லை. அவன் எடுத்துப்போவான், வீட்டில் நன்றாக நடுங்குகிறது என்பான். மரியாதைக்குச் சொல்கிறான் என்று நினைத்து அவள் மறுவாரம் திரும்பக் கொண்டுவரச் சொல்வாள். பக்கத்து விசிறிக் கடை பெக் அம்மா வாசலில் நின்று கேட்பாள்: "ஒரு கம்பியை நிமித்த ஒரு வருஷமா? நீ கம்பியை நிமித்துறியா, அந்த மனுஷனையா?" சீமைப்பனிச்சைப் பழங்களை உலர்த்தத் தோரணம் கட்டிய இலையுதிர் மாதத்தில் பெக் அம்மாவின் கிண்டல் உண்மையாகிப்போனது.

ஆனாலும் பூச்சி ஆடவில்லை. ஹீட்டர் காற்றில் அலமாரியில் இருந்த மற்ற தொல்ஜாம்கள் எல்லாம் சிலிர்த்துக்கொண்டிருக்க, இது மட்டும் நிற்கும். நாய் கடந்து போகும்வரை புல்லுக்குள் அசையாமல் பதுங்கும் முயல்குட்டியைப் போல.

ஜனவரி மாதச் சனிக்கிழமை. மதியத்திலிருந்தே பனி. தோக்யம் கால்நடை மருத்துவன். கன்று போடத் தவிக்கும் ஒரு பசுவைப் பார்க்க அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் வரும்வரை பிள்ளையோடு இருக்க நாரே வந்தாள், கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு.

வாசலில் அவள் காலணியைக் கழற்றியதும் சோல்பி வழக்கம்போலக் குனிந்தாள். இரண்டையும் சேர்த்து, மூக்கு தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதைதான். வீட்டு மனிதர்களின் காலணிகள் மட்டும் கழற்றிப்போட்டபடி உள்ளே பார்த்துக் கிடக்கும்.

"கிளம்பும்போது ஈசியா இருக்கும், ஆன்ட்டி," என்றாள் சோல்பி.

தன் அறைக்கு ஓடினாள். நாரே கூடத்தைக் கடந்து அவள் பின்னால் போனாள். அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. ஜன்னல்களின் இரட்டைக் கண்ணாடி இறுக்கச் சாத்தியிருந்தது. மேசைமேல், கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்து மூடிய தொல்ஜாம்.

பூச்சி நடுங்கிக்கொண்டிருந்தது.

நாரேவின் கால்கள் நின்றன. மூடிய குடுவைக்குள் யார் மூச்சும் போகாது. சோல்பி மேசையைத் தொடவுமில்லை. கட்டில் ஓரத்தில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் அந்தக் கொத்துப்பட்ட சிறகு, தூங்குகிறவரின் மார்பைப் போல, சீராக ஏறி இறங்கியது.

நாரே நிலைப்படியில் கால் வைத்தாள். பூச்சி நின்றது.

அது நின்ற விதத்தில்தான் அவள் முதுகு சில்லிட்டது. சுருள் ஒருபோதும் அப்படி நிற்காது. அலை சின்னதாகி, இன்னும் சின்னதாகித்தான் அடங்கும். இதுவோ, யாரோ இரண்டு விரலால் பிடித்தாற்போல் நின்றது.

"பாத்தீங்களா?" என்றாள் சோல்பி. குரலில் வெற்றி இல்லை. "நைட்டெல்லாம் ஆடும். நான் அதைப் பாத்துக்கிட்டேதான் தூங்குவேன். நீங்க வந்தா மட்டும் நின்னுடும். அம்மாவுக்கு உங்களைப் பிடிக்கல."

நாரே தரையில் உட்கார்ந்தாள். அடியில் சூடேற்றிய தரையின் கதகதப்பு அவள் காலுக்கு ஏறவே இல்லை. அப்படித்தான் போலிருக்கிறது என்றே அவளுக்கும் பட்டது. எழுந்து, தோக்யத்துக்கு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, தெருவைப் பார்த்து நிற்கும் காலணிக்குள் காலை நுழைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"நான் ஊதிக் கெடுத்துட்டேன்னு சொல்லாதீங்க," என்றாள் சோல்பி. "இன்னொரு தடவை பாருங்க. நான் மூச்சைப் பிடிச்சுக்கறேன்."

கன்னம் இரண்டையும் உப்பவைத்து, கண்களை அகல விரித்து, உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

நாரே அந்த முகத்தை முன்பே பார்த்திருந்தாள்.

தலையில் அணியைப் பொருத்திப் பார்க்கும்போது மணப்பெண்ணிடம் மூச்சைப் பிடிக்கச் சொல்வது அவள் பட்டறை வழக்கம். பூச்சி அடங்கும். பத்து எண்ணியபின் மூச்சை விடச் சொல்வாள். முதல் மூச்சுக்குப் பூச்சி எப்படி எழுகிறது என்பதில்தான் சுருளின் பதம் தெரியும். ஹேவோன் உட்கார்ந்திருந்த அன்று, எண்ணிக்கை ஆறில் இருக்கும்போது உள்ளே அடுப்பில் மெழுகு பொங்கியது. நாரே ஓடினாள். கையைச் சுட்டுக்கொண்டு திரும்பி வருவதற்குள் பெண் வீட்டார் நேரமாகிவிட்டதென்று ஹேவோனைக் காருக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். கார் ஜன்னலில் அந்த முகம் தெரிந்தது. கன்னம் உப்பி, கண் விரிந்து, 'நீங்க இன்னும் விடச் சொல்லலையே' என்பதுபோல் விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டியது. நாரே விழுந்து விழுந்து சிரித்தாள். கார் போய்விட்டது.

சோல்பி புஸ்ஸென்று மூச்சை விட்டு இருமினாள். மார்பைத் தேய்த்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில அம்மாவும் இப்படித்தான் பண்ணாங்களாம். பெரியம்மா போன்ல சொன்னாங்க, நான் தூங்குறேன்னு நெனச்சு. மூச்சை உள்ள இழுத்தாங்களாம். வெளிய விடவே இல்லையாம்."

நாரே குடுவையைத் திரும்பிப் பார்த்தாள். குடுவைக்குள் பூச்சி அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. வெறுப்பு என்று இவ்வளவு நாளாக நினைத்தது வெறுப்பே இல்லை; அவள் சொல்லுக்காகக் காத்துப் பிடித்திருக்கும் மூச்சு. ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும். ஆனால் சொன்னபின் அது இரவுகளில் ஆடுமா? எதைப் பார்த்துக்கொண்டு இந்தக் குழந்தை தூங்கும்? சொல்லாமல் போனால் தோக்யம் இல்லை, இந்த வீடு இல்லை; ஆனால் சோல்பிக்கு அம்மா இருப்பாள்.

மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மெழுகு பொங்கியதை, கார் ஜன்னலை, சிரித்ததை, எல்லாவற்றையும் சோல்பியிடம் சொன்னாள்.

"விடச் சொல்லவேண்டியது நான்தான். மறந்துட்டேன். இப்போ சொன்னா... அவங்க போயிடலாம், சோல்பி. அப்புறம் இது சும்மா ஒரு நகைதான். நான் சொல்லவேண்டாம்னா சொல்லு. எழுந்து போயிடறேன், இனிமே வரமாட்டேன்."

சோல்பி ஒரு ஆரஞ்சை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். வெளியே கூரையிலிருந்து பனி சரிந்து பொத்தென்று விழுந்தது.

"ரொம்ப நேரம் பிடிச்சா வலிக்கும் இல்ல?"

"வலிக்கும்."

"எனக்கு இப்பவே வலிச்சுது." பழத்தைக் கீழே வைத்தாள். "சொல்லுங்க."

நாரே முட்டிபோட்டு மேசை அருகே போனாள். மணப்பெண்களிடம் பேசும் அதே குரல் வரவேண்டும் என்று முயன்றாள். வந்தது.

"ஹேவோன். பத்து ஆச்சு. இப்போ மூச்சு விடுங்க."

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குடுவையின் உள்பக்கம் ஓரிடத்தில் வெளுத்தது. குளிர்நாளில் ஜன்னலில் வாயை வைத்து ஊதினால் படியுமே, அப்படி ஒரு மூட்டம். அது விரிந்தது. பத்து வருடம் தேக்கிவைத்ததைப் போல நிற்காமல் விரிந்து, கண்ணாடி முழுவதையும் மூடியது. அதற்குள்ளிருந்து வெள்ளி கல்லில் மோதும் கிணுகிணு ஓசை மட்டும் கேட்டது. சோல்பியின் கை நாரேவின் சட்டைக் கையைப் பற்றியது.

மூட்டம் மெல்ல வடிந்தபோது பூச்சி ஆடிக்கொண்டிருந்தது. நாரே ஒரு முழம் தள்ளி இருந்தாள், அது ஆடியது. அலை சின்னதாகி, இன்னும் சின்னதாகி, எல்லாச் சுருளையும் போல ஓய்ந்தது.

சோல்பி குடுவையைத் தூக்கினாள். அவள் மூச்சுக்கும் நாரேவின் மூச்சுக்கும் சிறகு சிலிர்த்தது. மறுபடி மூடினாள். அடங்கியது. வெகுநேரம் பார்த்தும் அடங்கியே இருந்தது.

"போயிட்டாங்க," என்றாள். அதன்பின் நாரேவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சத்தம் வராமல், நெடுநேரம் அழுதாள். நாரே அவளை விட்டு எழவே இல்லை.

இருட்டத் தொடங்கியபோது தோக்யம் போன் செய்தான். பெண் கன்று, தாயும் நலம், பாதி வழி வந்துவிட்டான். நிபந்தனையைப் பற்றிக் குழந்தையிடம் கேட்க நாரேவுக்கு வாய் வரவில்லை. அவன் வந்ததும் கிளம்பிவிடலாம் என்று தன் மேலங்கியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். சோல்பி கூடவே வந்தாள்.

நாரேவின் காலணிகள் உள்ளே பார்த்துக் கிடந்தன. அவசரமாகக் கழற்றிப்போட்டதுபோல், ஒன்று சற்றே கோணலாக.

வெளிக்கதவு பூட்டியே இருந்தது. மதியத்திலிருந்து சோல்பி அவள் கண்ணைவிட்டு நகரவில்லை.

"நான் திருப்பல," என்றாள் சோல்பி, மெல்ல.

"தெரியும்."

இருவரும் அவற்றையே பார்த்தார்கள். பிறகு சோல்பி குனிந்தாள். பழையபடி தெருவைப் பார்க்க வைக்கப்போகிறாள் என்று நாரே நினைத்தாள். அவள் காலணிகளைத் தொடவே இல்லை. சுவரோரம் இருந்த தன் சின்ன பூட்ஸை எடுத்து, அவற்றின் பக்கத்தில், அதே கோணலில் வைத்தாள்.