தோத்தாத்ரியின் லாக்டோமீட்டர்

எங்கள் செம்பாக்கம் காலனியில் தோத்தாத்ரி நம்பிய ஆள் ஒருவரும் கிடையாது. கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற உத்தியோகம். அதை வீட்டுக்கும் கொண்டு வந்துவிடுவார். தண்ணீர் கலந்தாரென்று பால்காரர் பொன்னுரங்கத்தை, பாலின் அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டரும் கையுமாக நடுத்தெருவில் பிடித்து, ஊரறிய நிறுத்தினார். அது தொண்ணூற்றிரண்டில்.

அடுத்த வருஷம் அவர் மனைவி லோகநாயகிக்கு எட்டாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. தாய்க்குப் பால் சுரக்கவில்லை. பவுடர் பால் வயிற்றைக் கெடுத்தது. உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தைக்குச் சங்கில்தான் புகட்ட வேண்டும். அக்கம்பக்கத்தில் கைக்குழந்தைக்காரி ஒருத்திதான்: அதே பொன்னுரங்கத்தின் மனைவி அங்காளம்மாள். லோகநாயகி போய்க் கேட்டாள். பழசை நினைக்காமல் அங்காளம்மாள் வேளாவேளைக்குத் தன் பாலைப் பீய்ச்சித் தூக்கில் கொடுத்தனுப்பினாள். எனக்கு அவளைக் கும்பிடத் தோன்றியது.

பாலைக் கையாளும் பொறுப்பைத் தோத்தாத்ரி எடுத்துக்கொண்டார். நம் வீடுகளில் பசும்பாலுக்குச் செய்கிற அத்தனையும் செய்தார். பொங்கப் பொங்கக் காய்ச்சினார். ஜீரணமாகாதென்று மேலே படிந்த ஏட்டை வழித்தெறிந்தார். பச்சைக் குழந்தைக்குக் கனக்குமென்று பாதிக்குப் பாதி வெந்நீர் ஊற்றினார். குழந்தை நாளுக்கு நாள் வற்றியது. பிறகு அந்தப் பாத்திரத்திலேயே லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்தார். தண்ணீர் கலந்த பாலில் மூழ்குகிற மாதிரியே கருவி ஆழமாக மூழ்கியது. நேரே பொன்னுரங்கம் வீட்டுக்குப் போனார்.

"தண்ணி இருக்கும்மா. கருவி பொய் சொல்லாது."

அங்காளம்மாள் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "மாட்டுப்பால்ல எங்க வூட்டுக்காரரு ஊத்தனாரு, இல்லன்னு சொல்லல. இத்துல எங்க சார் ஊத்தறது? நீயே காட்டு."

தோத்தாத்ரி நிஜமாகவே யோசித்தார் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அன்று மாலை தாம்பரத்தில் டாக்டர் திரிபுரசுந்தரி குழந்தையை எடை பார்த்துவிட்டு, பாலை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். தோத்தாத்ரி பெருமையாக ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

"கொதிச்சா நோய் தடுக்கற சக்தி போயிடும். உடம்பு தேறறதே அந்த ஏட்டுலதான், அதையும் எறிஞ்சுட்டீங்க. மிச்சம் வெந்நீர்" என்றார் டாக்டர். "இன்னும் ஒரு வாரம் இப்படியே போனா குழந்தை தாங்காது சார்."

லோகநாயகி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ தண்ணி ஊத்தினது யாரு?"

தோத்தாத்ரி குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் அங்காளம்மாள் தூக்கு அனுப்பவில்லை. பால் கொடுப்பதை நிறுத்திவிட்டாள் என்று லோகநாயகி அழத் தொடங்கியபோது அங்காளம்மாளே வாசலில் வந்து நின்றாள்.

"அந்தக் காலத்துல எங்க மாமனாரு மாட்டை ஓட்டியாந்து, வாங்கறவங்க கண்ணு எதிர்லயே கறப்பாரு. அதான் நானே வந்துட்டேன். நீ மட்டும் வெளிய நில்லு சார்."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு குழந்தை வயிறு நிறைந்து ஏப்பம் விட்டது தெரு வரைக்கும் கேட்டதாக எனக்கு நினைப்பு. தோத்தாத்ரி லாக்டோமீட்டரைப் பிடித்தபடி கதவருகே நின்று, வெட்கமில்லாமல் அழுதார்.

கதவு கொஞ்சம் திறந்தது. காலிச் சங்கை ஒரு கை நீட்டியது.

"இதைக் கழுவிக் குடு சார். இதுக்கு எவ்ளோ தண்ணி வோணா ஊத்திக்க."