கைவேகம்

"போதும்மா, எரியுது."

"எரியட்டும். இன்னும் நாறுது."

இன்பமணி எலுமிச்சம்பழத்தின் அரைமூடியை மகளின் விரல் இடுக்குகளில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். இது மூன்றாவது பழம். ரீபாவுக்குப் பத்து வயது. வலது கட்டைவிரல் நகம் மட்டும் மற்றவற்றைவிட நீண்டு, ஓரத்தில் காவி ஏறிக் கிடந்தது. இன்பமணி நகவெட்டியை எடுத்தாள்.

"கோட்டி புடிச்சிருக்காட்டி ஒனக்கு?" நிலைப்படியில் சாய்ந்து நின்ற ஞானப்பூ கேட்டாள். "நகத்த எடுத்துட்டா நாளைக்கு எதக் கொண்டு மடக்குவா? பல்லக் கொண்டா?"

இன்பமணி நகவெட்டியைத் திரும்ப வைத்துவிட்டாள். ஞானப்பூ அவள் புருசனுக்கு மூத்த அக்காள். பக்கத்து வீடு. புருசன் வேதமுத்து ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் வாழைத்தார் ஏற்றும் கூலி. சனிக்கிழமைதான் வருவான். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் ஆண்குரல் ஞானப்பூவுடையது.

கட்டிலுக்கு அடியில் பீடி சுற்றும் முறமான சுளகு, புகையிலைத் தூள், வெட்டி அடுக்கிய இலை, நூல்கண்டு எல்லாம் பழைய சேலை மூடிக் கிடந்தன. சுவரை என்ன செய்ய முடியும்? ஒற்றை அறை வீடு. பதினாலு வருசத்துத் தூள் சுண்ணாம்புக்குள் இறங்கியிருந்தது.

"டீச்சர் கேட்டா என்ன சொல்லணும்?"

"எங்க வீட்ல பீடி இல்ல."

"கை ஏன் மஞ்சளா இருக்குன்னு கேட்டா?"

"மஞ்சள் அரச்சேன்."

சொல்லி முடித்ததும் ரீபா இருமினாள். நாலைந்து முறை, தோள் குலுங்க. அந்த இருமலுக்காகத்தான் இவ்வளவும்.

சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றிலிருந்து இரண்டு வயல் தள்ளி இருக்கிற ஊர் அது. பீடியைச் சுற்றி நூல் கட்டுவது பெரியவர்கள் வேலை. அதன் வாயை நகத்தால் மடக்கி அடைப்பது பிள்ளைகள் வேலை. பிள்ளைகள் என்றால் பெண்பிள்ளைகள். எட்டு வயதில் உட்கார வைப்பார்கள். பதினெட்டு வயதில் மாப்பிள்ளை வீட்டார் வந்து கேட்கும் முதல் கேள்விக்கு அப்போதுதான் பதில் இருக்கும். பெண் கறுப்பா சிவப்பா, எந்த வகுப்பு வரைக்கும் படித்தாள் என்பதெல்லாம் பிற்பாடு. கை எப்படி? அவள் பேரில் பீடிக் கடையில் இலையும் தூளும் வாங்கும் அட்டை உண்டா? இதற்குப் பதில் சரியாக இருந்தால்தான் வேதக்கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிப்பார்கள்.

இன்பமணியைப் பெண் பார்க்க வந்தபோது உபதேசியார் ஜெபம் பண்ணி முடித்த கையோடு அவள் மடியில் சுளகை வைத்தார்கள். ஞானப்பூ சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கால்மணி நேரம் கழித்து, "நல்ல கைக்காரிதான்" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள். காப்பி அதற்கப்புறம்தான் வந்தது.

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு பள்ளிக்கூடத்துக்கு வந்து, பிள்ளைகளின் உடம்பையும் மனவளர்ச்சியையும் சோதிக்கப் போவதாகச் சொன்னது. நெஞ்சு டாக்டர் வீட்டுக்கே வருவார் என்ற ஒரு சொல்லை மட்டும் இன்பமணி பிடித்துக்கொண்டாள். சுகாதார நிலையத்தில் மூன்று முறை சிவப்பு மருந்து வாங்கியாயிற்று. ரீபா இரவில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தாள். ஆனால் போன வருசம் மேலத்தெருவில் அதிகாரிகள் வந்து, சுளகு முன்னால் இருந்த ஒரு பிள்ளையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வீட்டுக்கு இலை போடுவதைக் கடைக்காரன் நிறுத்தினான். ஆகவே டாக்டரும் வேண்டும், பீடி இருப்பதும் தெரியக் கூடாது.

பள்ளிக்கூட லீவு நாள். அந்தக் குழுவிலிருந்து சங்கரி பத்தரை மணிக்கு வந்தாள். இருபத்தாறு வயது. மனவியல் படித்தவள். உள்ளே வந்ததும் மூக்கைச் சுருக்கி, உடனே சரிசெய்துகொண்டாள். இன்பமணி அதைப் பார்த்தாள்.

பாயில் உட்கார்ந்து ஒரு பலகையை வைத்தாள் சங்கரி. அதில் இருபத்தைந்து துளைகள். ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு பக்கம் வெட்டியிருந்தது. சின்ன உலோகக் குச்சிகளைத் திருப்பித் திருப்பி அதில் சரியாகச் செருக வேண்டும்.

"பதறாம செய், என்ன? எத்தன நேரம் ஆனாலும் பரவாயில்ல."

செல்போனில் நேரத்தைத் தட்டிவிட்டு நிமிர்ந்தபோது ரீபா முதல் வரிசையை முடித்திருந்தாள். அவள் பலகையைப் பார்க்கவே இல்லை. விரல்கள் குச்சியைத் தொட்ட மாத்திரத்தில் அதுவே திரும்பிக்கொண்டது. சங்கரி நேரத்தைப் பார்த்தாள். பிழையாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்து எல்லாவற்றையும் கொட்டி மறுபடி செய்யச் சொன்னாள். இரண்டாம் தடவை இன்னும் சீக்கிரம்.

"முந்நூறு பிள்ளைகளுக்கு மேல பாத்தாச்சு. இப்படி ஒரு கை பாத்ததில்ல" என்றாள் சங்கரி. உண்மையான சந்தோசத்தோடுதான் சொன்னாள்.

"யாரு மருமவ?" என்றாள் ஞானப்பூ. "எம் பையன் பெனோவுக்கு இப்பவே சொல்லி வச்சிருக்கேன். அவ ஒரு மணி நேரத்துல..."

"மதினி" என்றாள் இன்பமணி.

ஞானப்பூ, "ஒரு மணி நேரத்துல ஒரு சாக்கு உள்ளி உரிப்பா" என்று முடித்தாள்.

அடுத்து ஒரு வெள்ளைத்தாள். அம்மாவை வரையச் சொன்னாள் சங்கரி. ரீபா பெரிய தலை, கொண்டை, இரண்டு கை வரைந்தாள். இடுப்புக்குக் கீழே ஒரு வட்டம். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"அம்மாவுக்குக் கால் எங்க?"

"மடக்கி உக்காந்திருக்கா."

"இது?"

இன்பமணியின் கண் கட்டிலுக்கு அடியில் இருந்த சுளகுக்குப் போனது. ரீபா வட்டத்தைப் பார்த்தாள். "சோத்துத் தட்டு டீச்சர்" என்றாள். கொஞ்சமும் தடுமாறவில்லை.

பிறகு மூச்சை அளக்க ஊதும் குழல். நெஞ்சு நிறைய இழுத்து ஒரே ஊதாக ஊதினால் உள்ளே இருக்கும் சிவப்பு முள் ஏறும். ரீபா ஊதினாள். முள் அசைந்து கீழேயே நின்றது. இரண்டாம் முறை ஊதும்போது இருமல் வந்து குழலை விட்டுவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"பைய இழு மக்கா, பைய" என்றாள் இன்பமணி. மூன்றாம் முறையும் அதே இடம்.

வாசலில் சைக்கிள் டயர் உருட்டிக்கொண்டிருந்த தம்பி ஹெப்ரான், "டீச்சர், நான்?" என்று ஓடிவந்தான். அவன் கணக்கில் இல்லை, வயது ஏழுதான். ஆசைக்காகச் சங்கரி வாய்ப்பகுதியை மாற்றிக் கொடுத்தாள். ஊதினான். முள் அக்காளின் அளவைத் தாண்டி ஏறியது. அவன் சிரித்துக்கொண்டே டயரிடம் போனான். இந்த வீட்டில் அவனை யாரும் ஒரு இடத்தில் உட்காரச் சொன்னதில்லை.

சங்கரி தாள்களை எடுத்தாள். "இனி கேள்விதான். வீட்ல யாராவது பீடி சுத்துதாங்களா?"

"இல்ல டீச்சர்" என்று தாய்க்கு முந்தி ரீபா சொன்னாள். "எங்க வீட்ல பீடி இல்ல."

சங்கரி சுவரைப் பார்த்தாள். பிள்ளையின் கட்டைவிரலைப் பார்த்தாள். சொல்வதைத்தான் எழுத வேண்டும், குடையக் கூடாது என்பது அவளுக்குக் கொடுத்த விதி. இல்லை என்று குறித்தாள்.

"டாக்டர் எப்ப வருவாங்க?" என்று கேட்டாள் இன்பமணி.

"பீடி சுத்துத வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் மாசாமாசம் டாக்டர் வருவாங்க. சுத்தாத வீட்டுப் பிள்ளைகள்னு ஒரு பட்டியல் தனியா இருக்கு. அந்தப் புகை தூசி இல்லாம நல்லா வளர்ற பிள்ளைகள். அவங்கள வச்சுத்தான் மத்தவங்கள ஒப்பிட்டுப் பாப்போம். ரீபா அதுல வருவா. இன்னைக்குப் பாத்ததோட சரி. இருமலுக்குச் சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டு எழுதித் தாரேன்."

இன்பமணி மகளைப் பார்த்தாள். நல்லா வளர்ற பிள்ளைகள். ரீபா விரல்களை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புகையிலை நாற்றம் போய்விட்டதா என்று பார்க்கிறாள் போல.

"டீச்சர், அத அடிச்சுட்டு வேற எழுதுங்க" என்றாள் இன்பமணி.

"ஏட்டி" என்றாள் ஞானப்பூ.

"பேரு வெளிய போகாது. நம்பர்தான் இருக்கும்" என்றாள் சங்கரி. "கடைக்கும் தெரியாது, அதிகாரிக்கும் தெரியாது."

"நம்பர் போட்டா மட்டும்? மாசாமாசம் ஆஸ்பத்திரி வண்டி இங்கன வந்து நிக்கும்லா? தெருவே பாக்கும்லா? நெஞ்சுச் சீக்குக்காரின்னு ஒரு சொல்லு விழுந்துட்டா நாளைக்கு எவன் வந்து நிப்பான்? நானே எம் பையனுக்கு யோசிப்பேன். மூஞ்சிக்கு நேர சொல்லுதேன்." ஞானப்பூவின் குரல் தாழ்ந்தது. "எனக்கு ஏழு வருசம் மாப்ள வரல. கை மெதுவு. கடைசில ரெண்டாந்தாரமாத்தான் போனேன். ஒனக்குத் தெரியும்லா இன்பம்? ஒம் புள்ளைக்கு ஆண்டவர் நல்ல கையக் குடுத்திருக்காரு. அதக் கெடுக்காத."

பொய் சொல்லவில்லை ஞானப்பூ. அவள் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய உண்மை கிடையாது.

இன்பமணி குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து சுளகை இழுத்துச் சங்கரியின் முன்னால் வைத்தாள். சேலை நழுவித் தூள் பறந்தது. ரீபா இருமினாள்.

"ரெண்டு வருசமா மடக்குதா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததுல இருந்து படுக்கற வரைக்கும். நான்தான் உக்கார வச்சேன். எழுதுங்க."

சங்கரி எழுதினாள். முதல் பக்கத்தில், விரல் திறன் என்ற இடத்தில், மிகச் சிறப்பு என்று தானே எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள். அந்த வார்த்தையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சோதனை முடிவை அடிக்க விதி இல்லை. அப்படியே விட்டாள்.

"இனி நீங்களும் ஊதணும். பீடி வீடுன்னா அம்மாவையும் பாக்கணும்."

இன்பமணி ஊதினாள். சங்கரி குழலை ஜன்னல் பக்கம் திருப்பிப் படித்தாள். மறுபடி ஊதச் சொன்னாள். மறுபடி படித்தாள்.

"இவளவிடக் கூடவா, கொறவா?" என்று கேட்டாள் இன்பமணி.

"கொறவு" என்றாள் சங்கரி.

முப்பத்து நாலு வயதுக்காரியும் பத்து வயதுக்காரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் எந்த வயசுல இந்த அளவுக்கு வந்தேன்னு அதுல தெரியுமா டீச்சர்?"

"தெரியாது." அடுத்த மாதம் எந்தத் தேதியில் டாக்டர் வருவார் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள் சங்கரி. தூளும் ரீபாவும் ஒரே அறையில் இருக்கக் கூடாது என்று சொன்னாள். சொல்லும்போதே அறை எத்தனை என்று அவள் கண் அளந்தது. பலகையையும் குச்சிகளையும் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்ற ஞானப்பூவைப் பார்க்காமல் போனாள்.

ஞானப்பூ உள்ளே வந்தாள். பிறகு எப்போதும்போல, "அஞ்சு மணிக்குக் கடையில பீடி குடுக்கணும். இன்னைக்குப் பாதிநாள் போச்சு. ஏ ரீபா, வந்து உக்காரு" என்றாள்.

ரீபா எழுந்து சுளகுக்கு எதிரே தன் இடத்துக்குப் போனாள்.

"நீ வேண்டாம்" என்றாள் இன்பமணி. இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இனிமே நீ இதத் தொடாத. வெளிய போ."

"யாரு மடக்குவா?" என்றாள் ஞானப்பூ.

"நானே மடக்குதேன்."

"முடியாது பாத்துக்கோ. கணக்கு கொறஞ்சா அட்டை போயிரும்."

"போகட்டும் மதினி."

ஞானப்பூ முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். இன்பமணி தூளை அள்ளி இலையில் வைத்துச் சுற்றத் தொடங்கினாள். நாலைந்து பீடி சுற்றிய பிறகு நிமிர்ந்தாள். ரீபா வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். தெருவில் வெயில். ஹெப்ரான் டயரை உருட்டிக்கொண்டு முனைவரைக்கும் ஓடிப்போய்த் திரும்பி வந்தான். ரீபாவின் கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின.

"போயேன் மக்கா."

ரீபா திரும்பித் தாயைப் பார்த்தாள். பொய் சொல்லும்போது தடுமாறாத அந்தப் பிள்ளைக்கு இப்போது வாய் திக்கியது.

"வெளிய போயி என்னம்மா செய்யணும்?"

இன்பமணி வாயைத் திறந்தாள். ஏதாவது ஒரு விளையாட்டின் பெயரைச் சொல்லலாம் என்று நினைத்தாள். ஒன்றும் வரவில்லை. அவளும் எட்டு வயதில் உட்கார்ந்தவள்.