தலையாட்டாத வழிகாட்டி

சார்ட்டர்ட் இன்ஜினியர் எனப்படும் பட்டயப் பொறியாளர் தகுதிக்கான நேர்முகத் தேர்வில் இரண்டு முறை தோற்ற ஒருத்தியை என் தலையில் கட்டினார் மேலாளர். ஆளுக்கு மூன்று வாய்ப்புதான். இதிலும் தோற்றால் அவள் ஆயுசுக்கும் அடுத்தவர் கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கும் உதவிப் பொறியாளர்தான்.

"நீங்கதான் சரியான ஆளு. உங்களுக்குக் கோவமே வராது," என்றார்.

கோபம் வராதது உண்மை. என் கணவர் போனதிலிருந்து வேறெதுவும்கூட வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்னைவிட நன்றாக அழுதார்கள்.

அவள் வேறு கிளையிலிருந்து வந்தவள். என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. அங்கே அவளுக்குப் பெயர் புயல். கேள்வி பாதி வாயில் இருக்கும்போதே பதில் சொல்லத் தொடங்கிவிடுவாள். முதல் நாள் கூட்ட அறையில் உட்கார வைத்து, தேர்வுக்காக அவள் எழுதிக் கொடுத்திருந்த வேலை அறிக்கையைப் பிரித்து, "அந்தத் தடுப்புச் சுவருக்குக் கான்கிரீட் போடுறத ஏன் நிறுத்தின?" என்று கேட்டேன். மழை, வராத லாரி, மேஸ்திரியின் மச்சினன், தன் ஜலதோஷம் என்று ஊரைச் சுற்றினாள். நடுநடுவே என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டவில்லை.

தேர்வுக் குழுவினரும் தலையாட்ட மாட்டார்கள், சிரிக்கவும் மாட்டார்கள். அவர்களுக்கு விதியே அப்படி. எதிரே இருக்கும் முகத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் வந்தவர் பயந்துபோய்ப் பேசிக்கொண்டே இருப்பார், அங்கேதான் விழுவார். மற்ற வழிகாட்டிகளுக்கு இந்த முகத்தை வைத்துக்கொள்வது பெரும்பாடு. பாவம் பார்த்து ஒரு 'ம்' போட்டுவிடுவார்கள். எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

வாரா வாரம் அதே அறை, அதே கேள்வி. ஒரு நாள் அவள் அழுதேவிட்டாள். "ஏதாவது சொல்லுங்கக்கா. தப்புன்னாவது சொல்லுங்க."

தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்திவிட்டு மறுபடி அதையே கேட்டேன். இரக்கம் வர வேண்டிய இடம் அது என்று தெரிந்தது. வரவில்லை.

தேர்வுக்கு முந்தின வாரம், என் முகத்தைத் தேடாமல், நிதானமாகச் சொன்னாள்: "கம்பி சென்ட்ரிங் பலகைய ஒட்டிக் கெடந்துச்சு. அப்படியே கான்கிரீட் போட்டா சுவரு மேல கம்பி தெரியும், துருப்பிடிக்கும். நான்தான் நிறுத்தச் சொன்னேன்." அத்தோடு வாயை மூடிக்கொண்டாள். அடுத்த கேள்விக்குப் போனேன்.

முடிவு வந்த அன்று கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"தேறிட்டேன்க்கா! மூணு பேரும் உம்முனு உக்காந்திருந்தாங்க. உங்களப் பாத்துப் பழகினவளுக்கு அதெல்லாம் ஜுஜுபி!"

"நல்லது," என்றேன்.

"ஐயோ, இன்னும் என்னக்கா? அதான் முடிஞ்சிடுச்சே. அந்த மூஞ்சிய எடுத்துடுங்க. இப்பவாவது சிரிங்க."

சிரிக்கப் பார்த்தேன். வாய் மட்டும் ஒரு பக்கமாகப் போனது.

"அது பயிற்சிக்கு வச்ச மூஞ்சி இல்லம்மா."

அவள் சிரிப்பு நின்றது. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இப்போது கொட்டித் தீர்ப்பாள் என்று காத்திருந்தேன். அவளோ ஒரு 'ம்' கூடப் போடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை.

"அவர் போன அன்னிக்கு..." என்று நானே ஆரம்பித்தேன்.